அலுமாரியில் முப்பத்தொன்பது

கல்முனை, பிரதான வீதி.
சாரிக்கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
படியேறினால் முதலில் புதுப்புடவைக் கஞ்சி வாசம்,
பிறகு நாங்கள்:
முகாமைத்துவக் கற்கைகள் நிறுவகம்.

நான் பதிவாளர் அல்ல.
பதிவாளரின் கதிரையில் இருப்பவள்.
அவர் கனடா போய் மூன்று வருடம்.

புதன்கிழமை சபை கூடியது.
பொருள்: நிறுவகத்தின் எதிர்காலம்.
குறிப்பெடுத்தது நான்.
இனி யாரும் இரண்டு வருடம் குந்தியிருந்து படிக்க மாட்டார்கள்
என்றார் பணிப்பாளர் முபாரிஸ்,
ஆறு கிழமை, கைபேசியில், படுத்துக்கொண்டே.
கலாநிதி இன்பராஜன் கண்ணாடியைத் துடைத்தார்:
"கேள்வியையும் இயந்திரம் எழுதுது,
விடையையும் இயந்திரம் எழுதுது,
நடுவில நாம ஆருக்குப் புள்ளி போடுறம்?"
யாரும் சிரிக்கவில்லை. பற்றிஸ் முடிந்திருந்தது.

தீர்மானம் ஒன்று:
பெயர்ப்பலகையில் 'செயற்கை நுண்ணறிவு' சேர்ப்பது.
ஒன்பது எழுத்து. பலகையில் இடமில்லை.
'கற்கைகள்' என்பதை எடுத்துவிட்டால்
ஐந்து எழுத்துக்கு இடம் வரும்,
மிச்சம் நாலை நெருக்கி எழுதலாம்.
ஏகமனதாக நிறைவேறியது.

தீர்மானம் இரண்டு:
மூலை அறையைப் படப்பிடிப்புக்கு ஒதுக்குவது.
அங்கே நிற்கும் இரும்பு அலுமாரிக்குள்
யாரும் வாங்க வராத சான்றிதழ் முப்பத்தொன்பது.
அழைத்துக் கொடுத்து முடிக்க வேண்டியது
நான்.

முதல் இலக்கம் பாவனையில் இல்லை.
இரண்டாவதும்.
மூன்றாவது டோஹா. பின்னால் ஹோர்ன் சத்தம்.
"அதக் காட்டினா இங்க வேல தரமாட்டான் மிஸ்,
கூடப் படிச்சவன் ஒரு இடத்தில நிக்கமாட்டானாம்.
உங்களிட்டயே கிடக்கட்டும்."
திருக்கோவிலில் கோழித்தீவனம் விற்கும் நிரோஷாந்தினி
ஹலோ சொல்லும் முன்னே சொன்னாள்:
"கடைசித் தவணைக் காசு கேக்கத்தானே எடுக்கிறீங்க?"
பதினெட்டாயிரம். ஏட்டில் இருந்தது.
இல்லை என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன் என்று
இன்னும் தெரியவில்லை.

அக்கரைப்பற்று ஹில்மியா அரிசிமா ஆலை நடத்துகிறாள்.
"மிஸ், நல்ல நேரம் எடுத்தீங்க. ஒரு சந்தேகம்.
மாமிட தம்பி நாப்பது மூடை நெல்லுக் காசு தரோணும்.
முகம் முறியாம அத எப்படிக் கேக்கிற?
நாலு பருவத்திலயும் இது வரல்லியே."
கலாநிதியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.
கேட்டேன்.
"பேரம்பேசல், ஆறாம் அலகு" என்றவர்
வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்:
"என்ட மச்சானும் தரவேணும். ஏழு வருசம்."

வியாழன் ஆட்டோவில் வந்து இறங்கினாள்.
கண்ணிமையில் மா.
சான்றிதழில் பெயருக்குள் ஒரு எழுத்துப் பிழை,
திருத்த ஆயிரத்தைந்நூறு கட்டணம்.
"பரவாயில்ல, மாவுக்குத் தெரியவா போகுது?"
சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு
வகுப்பறையை எட்டிப் பார்த்தாள்.
"சனி பின்னேரம் இது சும்மாதானே கிடக்கு? வாடகை எவ்வளவு?"
எட்டுப் பெண்கள் வருகிறார்களாம்.
மா, தயிர், தையல், ஒருத்தி ஐஸ் பெட்டி.
அவரவர் கொப்பியோடு.
யார் படிப்பிப்பது என்று கேட்டேன்.
"ஒருத்தருமில்ல.
காசு தரவேண்டிய ஆக்களையும் வரச் சொல்லியிரிக்கம்.
தேத்தண்ணி எங்கட செலவு."

பற்றுச்சீட்டில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?
பயிற்சிநெறி இல்லை, கருத்தரங்கு இல்லை.
'ஏனையவை' என்று எழுதினேன்.
கலாநிதி கேட்டார்,
வெளியாரும் வரலாமா என்று.
மச்சானைக் கூட்டிக்கொண்டா என்று
நான் கேட்கவில்லை.

இன்று காலை பலகை எழுதுபவர் வந்துவிட்டார்.
ஏணியின் மேல்படியில்,
ஒரு கையில் சுரண்டும் தகடு.
"எந்தச் சொல்லு மிஸ் அழிக்கிற?"
அலுமாரியில் இன்னும் முப்பத்தெட்டு.
யன்னலால் தலையை நீட்டி,
"கொஞ்சம் பொறுங்க, மழை வரப்போகுது" என்றேன்.

அண்ணாந்து பார்த்தார்.
வானத்தில் ஒன்றுமே இல்லை.